ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள்

அறிவுக்கு அணியாகவும் இந்த அவைக்கு அச்சாணியாகவும் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே! கண்டிப்பும் கனிவும் கலந்து இக்கல்லூரியைக் கட்டிக் காக்கும் முதல்வர் அம்மையார் அவர்களே! கையொப்பம் இல்லாமல் காற்றைக்கூட உள்ளே விடாத, படிவங்களின் பேரரசராகிய அயல்நாட்டுப் பரிமாற்றப் பிரிவு அலுவலர் அவர்களே! பிள்ளைகளைப் பெற்று, பேணி, பெட்டி கட்டி, பெருமை பாதி பீதி பாதியாக வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! கண் கலங்குவது தெரிந்துவிடக் கூடாதென்று மின்விசிறியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும் தந்தைமார்களே! அடுத்த வாரம் விமானம் ஏறி, ஓராண்டு அயல்மண்ணில் படிக்கப் போகும் பதினொரு செல்வங்களே! உங்கள் அனைவரையும் வணங்கி என் உரையைத் தொடங்குகிறேன்.

தலைவர் அவர்கள் என்னை அறிமுகப்படுத்தும்போது, “நான்கு மொழி அறிந்த நல்லாசிரியை, அயல்நாட்டில் அடியெடுத்து வைத்த மாதத்திலேயே ஐந்து நாட்டு நண்பர்களைச் சேர்த்துக்கொண்ட அன்பு வள்ளல்” என்றார்கள். நீங்களும் கை தட்டினீர்கள். அந்தக் கைதட்டலை நான் திருப்பித் தர வேண்டியிருக்கும். கொஞ்சம் பொறுங்கள்.

அழைப்பிதழில் என் தலைப்பு ‘அயல்மண்ணில் அரும்பும் நட்பு’ என்று அச்சாகியிருக்கிறது. முதல்வர் அம்மா தொலைபேசியில், “கொஞ்சம் கலகலப்பா பேசுங்க மேடம், பசங்க பயப்படாம போகணும்” என்றார்கள். சரி என்றுதான் சொன்னேன். ஆனால் அம்மா, இங்கே வந்து உட்கார்ந்து முன்வரிசையில் ஒரு காட்சியைப் பார்த்தேன். பார்த்த பிறகு, எழுதி வந்த தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டேன்.

என்ன காட்சி? புகைப்படக்காரர் வந்தார். “எல்லாரும் கொஞ்சம் நெருங்கி வாங்கப்பா” என்றார். பதினொரு பேரும் தோளில் கை போட்டீர்கள். பல் தெரியச் சிரித்தீர்கள். படம் எடுத்தாயிற்று, அவர் நகர்ந்தார். உடனே கைகள் இறங்கின, சிரிப்பு இறங்கியது. ஒவ்வொருவரும் நடுவில் ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்து அவரவர் கைப்பேசிக்குள் போய்விட்டீர்கள். ஏனம்மா, சிவப்புப் பை வைத்திருக்கும் பெண்ணே, உனக்குப் பக்கத்தில் இருப்பவள் பெயர் என்ன? தெரியாதா? சிரிக்காதே. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் நானும் இப்படித்தான் சிரித்தேன்.

எனக்கு அப்போது இருபது வயது. உங்களைப் போலவே ஓராண்டு படிக்கப் போன அயல்நாட்டில் ஒரு விடுதி, நான்காவது மாடி, நீளமான தாழ்வாரம். அதில் ஆறு அறைகள், ஆறு நாட்டிலிருந்து ஆறு பேர். கோடியில் ஒரே ஒரு பொதுச் சமையலறை. கதவுகளுக்கு மேலே ஒரு இரும்புக் கை. திறந்துவிட்டால் தானாகவே சாத்திக்கொள்ளும். யாராவது வருவார்களென்று கதவைத் திறந்து வைத்திருக்கலாமா? முடியாது. காலணியை முட்டுக் கொடுத்தாலும் தள்ளிவிட்டுச் சாத்திக்கொள்ளும். உள்ளூர் மாணவர்களுக்கு அவரவர் கூட்டம் இருந்தது. ஒரு வருடத்தில் மூட்டை கட்டிப் போகிறவர்களிடம் மனதைக் கொடுக்க அவர்களுக்கென்ன தலையெழுத்தா? அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நாங்கள் ஆறு பேரும் ஒரே படகில் இருந்தோமே, நாங்களாவது பேசினோமா? முதல் மாதம் முழுக்கச் சமையலறையில் “ஸாரி”, “நீங்க முதல்ல” என்ற இரண்டைத் தவிர வேறு பேச்சில்லை.

ஆனால் ஆறு வீட்டு அம்மாக்களும் ஆறு பாஷையில் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். என் அம்மா கேட்டது இப்படி: “ஏண்டி, பேச்சுத் துணைக்கு யாராவது கிடைச்சாங்களா இல்லையா? நீ பாட்டுக்கு ரூமுக்குள்ளயே அடைஞ்சு கிடக்காத.” ஐயா, மதிப்பெண் குறைந்தால் ஒப்புக்கொள்ளலாம். காய்ச்சலைக்கூட ஒப்புக்கொள்ளலாம். எனக்கு ஒரு நண்பர்கூட இல்லை என்பதைப் பெற்றவளிடம் ஒப்புக்கொள்ள முடியுமா? எந்த வாய் சொல்லும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன். என் அடுத்த அறைக்காரி, சுருட்டை முடிக்காரி, அவள் அம்மாவோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாள். திடீரென்று எழுந்து வந்து, சோப்பு நுரையோடு இருந்த என்னைத் தோளோடு இழுத்து அணைத்து, கைப்பேசியை எங்கள் இருவர் முகத்துக்கும் நேரே பிடித்தாள். அவள் பாஷையில் என்னவோ சொன்னாள். திரையில் ஒரு அம்மா வாயெல்லாம் பல்லாகக் கை ஆட்டினார். நானும் ஆட்டினேன். அழைப்பு முடிந்ததும் சுருட்டை கையை எடுத்துக்கொண்டாள்.

“மன்னிச்சுக்கோ. நீ என் உயிர்த்தோழின்னு சொல்லிட்டேன்.”

“உன் பேரே எனக்குத் தெரியாதே!”

“பரவாயில்ல, அது எங்கம்மாவுக்குத் தெரியாது.”

சிரிக்கிறீர்கள். சிரிக்க வேண்டிய இடம்தான். நானும் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, “அப்ப அடுத்த வாரம் எங்கம்மாவுக்கு நீ வந்து நிக்கணும்” என்றேன். அவள் கை நீட்டினாள். ஈரக் கையோடு குலுக்கினேன். எங்கள் நட்பின் பிறந்தநாள் அதுதான்.

அடுத்த மாதத்துக்குள் ஆறு பேரும் சேர்ந்துவிட்டோம். ஞாயிறு இரண்டு மணியிலிருந்து நான்கு மணிவரை, ஆளுக்கு இருபது நிமிடம். ஃபிரிட்ஜ் கதவில் அட்டவணையே ஒட்டியிருந்தோம். யார் வீட்டுக்கு அழைப்பு போகிறதோ, மற்ற ஐந்து பேரும் பின்னால் நின்று சிரிக்க வேண்டும். முதுகில் தட்ட வேண்டும். ஒரே தட்டில் கை விட்டுச் சாப்பிட வேண்டும். அழைப்பு முடிந்ததும் அடுத்தவர் முறை. நான்கு மணிக்குத் தட்டுகளைக் கழுவுவோம். ஆறு கதவுகளும் ஒன்றன் பின் ஒன்றாகச் சாத்திக்கொள்ளும். அடுத்த ஞாயிறுவரை யார் இருந்தார்கள், யார் அழுதார்கள், யார் சாப்பிட்டார்கள், யாருக்குத் தெரியும்? ஒருவர் கதவை ஒருவர் தட்டுவதில்லை. அப்படி ஒரு விதி எழுதி வைக்கவில்லை. ஆனால் எழுதி வைத்த அட்டவணையைவிட அதைத்தான் ஒழுங்காகக் கடைப்பிடித்தோம்.

அட்டவணைக்குக் கீழே இன்னொரு தாள் ஒட்டியிருந்தது. யோசனை சுருட்டையுடையது. அம்மாக்கள் முழுசாக நம்ப வேண்டுமென்றால், ஒவ்வொருவர் அம்மாவிடமும் அந்த அம்மாவின் பாஷையிலேயே நாலு வார்த்தை பேசிவிட வேண்டும். ஆறு பாஷையிலும் ஒரே செய்தி. “அவ நல்லா இருக்கா அம்மா. நல்லா சாப்பிடுறா. எங்க கூடத்தான் இருக்கா. கவலைப்படாதீங்க.” அவ்வளவுதான். உச்சரிப்பை எழுதி வைத்து, அடுப்பில் தண்ணீர் கொதிக்கும் நேரத்தில் மனப்பாடம் செய்தோம். சுருட்டை தமிழில் அதைச் சொன்ன அன்று என் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். “தங்கமான பொண்ணுடி, அதை விட்டுடாத” என்றாள்.

விடவில்லையே அம்மா! பிடித்திருந்தால்தானே விடுவதற்கு!

தாய்மார்களே, ஒரு முறை, ஒரே ஒரு முறை, அது நடிப்பாக இல்லாமல் போயிற்று. அதையும் சொல்லிவிடுகிறேன். என் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தபோது இணைப்பு அறுந்துவிட்டது. அது தெரியாமல் நானும் சுருட்டையும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து, கறுத்துப்போன திரையைப் பார்த்து நெடுநேரம் கை ஆட்டிக்கொண்டிருந்தோம். பிறகு தெரிந்தது. வயிறு வலிக்கச் சிரித்தோம். யாரும் பார்க்கவில்லை, யாருக்காகவும் இல்லை, ஆனாலும் சிரித்தோம். சிரித்து ஓய்ந்ததும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: “நாளைக்கும் வரியா? போன் எல்லாம் வேணாம். சும்மா, டீ குடிக்க.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “நாளைக்கு டெஸ்ட் இருக்குப்பா” என்றேன்.

அந்தத் தேர்வு எந்தப் பாடம்? நினைவில்லை. எத்தனை மதிப்பெண்? நினைவில்லை. சத்தியமாக நினைவில்லை.

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். ஐயா, இதற்கு மேல் ஒரே ஒரு புதன்கிழமைதான் பாக்கி. அதைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சுருட்டை அழைப்புக்கு வரவில்லை. யாருக்காவது தேர்வு இருந்தால் அப்படி வராமல் இருப்பது வழக்கம்தான். திங்கள், செவ்வாய் போயிற்று. செவ்வாய் சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ விழுந்த சத்தம். நாற்காலியை நகர்த்துகிறாள் என்று நினைத்துக்கொண்டு படித்தேன். புதன்கிழமை காலை பத்து மணி. வகுப்புக்குக் கிளம்பி, ஒரு கால் செருப்பில் இருக்கிறது. கைப்பேசி அடித்தது. வெளிநாட்டு எண். எடுத்தேன். அவள் அம்மா. என் எண்ணை மகள் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

அந்த அம்மா பேசினார். நிறுத்தாமல் பேசினார். ஒரு சொல்கூடப் புரியவில்லை எனக்கு. மகளின் பெயர் மட்டும் நடுநடுவே வந்தது. குரல் ஏறிக்கொண்டே போனது. அவையோரே, குரல் நடுங்கினால் எந்த நாட்டுக்காரருக்கும் புரியும். எனக்கும் புரிந்தது, கேட்கிறார் என்று. எதையோ கெஞ்சிக் கேட்கிறார் என்று. பதில் சொல்ல வேண்டுமே? அந்தப் பாஷையில் எனக்கு என்ன தெரியும்? நாலு வார்த்தை தெரியும். மனப்பாடம். தட்டி எழுப்பினாலும் சொல்வேன்.

சொன்னேன். “அவ நல்லா இருக்கா அம்மா. நல்லா சாப்பிடுறா. எங்க கூடத்தான் இருக்கா. கவலைப்படாதீங்க.”

மறுமுனையில் அழுகை. நிம்மதியான அழுகை. முத்தம் கொடுக்கும் சத்தம்கூடக் கேட்டது. வைத்துவிட்டார். உச்சரிப்பு பிசகாமல் சொல்லிவிட்டேன் என்று எனக்கு ஒரு பெருமை! ஆமாம், பெருமை! அதை நினைத்தால் இன்றும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

தாழ்வாரத்துக்கு வந்தேன். அவள் கதவுக்கு முன்னால் நின்றேன். கையைத் தூக்கினேன், தட்டுவதற்கு. தட்டினால் திறப்பாள். திறந்தால் என்ன பேசுவது? ஞாயிற்றுக்கிழமை இல்லையே, பின்னால் அம்மா இல்லையே, என்ன முகத்தை வைத்துக்கொள்வது? எட்டு மாதப் பழக்கத்தில் அந்தக் கதவுக்குள் என்ன நிறச் சுவர் என்றுகூட எனக்குத் தெரியாது. வகுப்புக்கு நேரமாயிற்று. தூக்கிய கையை இறக்கிக்கொண்டு போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை துப்புரவு செய்யும் அம்மா சாவி போட்டுத் திறந்தார்.

குடல்வால் வீங்கி, உள்ளேயே வெடித்திருந்தது. வயிற்றுவலி தானாகப் போய்விடும் என்று படுத்திருக்கிறாள். கைப்பேசி கட்டிலுக்கு அடியில் அணைந்து கிடந்தது. மருத்துவர் விடுதிக் காப்பாளரிடம் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். “புதன்கிழமை கூட்டிட்டு வந்திருந்தா சின்ன ஆபரேஷன்தான். நாலு நாள்ல நடந்து போயிருப்பா.”

புதன்கிழமை. என் கை அவள் கதவுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்த புதன்கிழமை.

பரிமாற்றப் பிரிவு அலுவலர் ஐயா, படிவங்கள் என்று உங்களைக் கேலி செய்தேனே, பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு உண்மையைச் சொன்னது ஒரு படிவம்தான். விடுதியில் சேரும்போது அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று ஒரு படிவம் கொடுப்பார்கள். ஆண்டின் நடுவில் விரும்பினால் மாற்றிக்கொள்ளலாம். காப்பாளர் அவளுடையதை எடுத்துக் காட்டினார். முதலில் எழுதியிருந்த கல்லூரி அலுவலக எண்ணை அடித்துவிட்டு என் பெயரை எழுதியிருந்தாள். உறவுமுறை என்ற இடத்தில் ‘தோழி’. தேதியைப் பார்த்தேன். நாங்கள் கறுத்த திரைக்குக் கை ஆட்டிச் சிரித்தோமே, அதற்கு அடுத்த நாள். டீ குடிக்கக் கூப்பிட்டு நான் போகாத நாள். என் படிவத்தில் அந்த இடம் காலியாகவே இருந்தது.

யார் நடித்தது? யார் நடிக்கவில்லை? ஆறு பேரும் நடிக்கிறோம் என்றல்லவா நான் நம்பிக்கொண்டிருந்தேன்!

அவள் அம்மா வந்தார். என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் பிழைத்திருப்பேன். கட்டிக்கொண்டார். மொழிபெயர்க்க வந்தவர், மருத்துவர் சொன்ன புதன்கிழமையை அந்தத் தாயிடம் சொல்லாமல் விழுங்கிவிட்டார், இரக்கமுள்ள மனிதர். திடீரென்று வந்து திடீரென்று முடிந்தது என்றே அந்த அம்மா நம்பினார். என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னதை மட்டும் அந்த மனிதர் மொழிபெயர்த்தார். “புதன்கிழமை வரைக்கும் அவ நல்லா சாப்பிட்டு உங்களோட சிரிச்சுட்டு இருந்தாளாம், நீ சொன்னியாம். அது ஒண்ணுதான் இவங்களுக்கு இனிமே இருக்கு.”

அடுத்த ஞாயிறு என் அம்மா கேட்டாள், “எங்கடி அந்தச் சுருட்டைமுடிப் பொண்ணு?” நான், “லைப்ரரிக்குப் போயிருக்கும்மா” என்றேன். பின்னால் நான்கு பேர் நின்று சிரித்தார்கள்.

நான்கு மொழி அறிந்தவள் என்றீர்களே தலைவர் அவர்களே, அந்த நான்காவது மொழி எதற்கென்று இப்போது தெரிகிறதா? அவள் தாய்மொழி! அந்தத் தாயிடம் ஒரே ஒரு உண்மையைச் சொல்வதற்காக எழுத்து எழுத்தாகக் கற்றேன். இலக்கணம் கற்றேன், இலக்கியம் கற்றேன், பட்டம் வாங்கினேன், இன்று அதைச் சொல்லிக்கொடுத்துத்தான் சம்பளம் வாங்குகிறேன். ‘அன்று நான் சொன்னது பொய் அம்மா, நான் அவளைப் பார்க்கவே இல்லை’ என்பதை அந்த மொழியில் எட்டு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியும். பன்னிரண்டு ஆண்டுகளாக ஞாயிறுதோறும் நாலு மணிக்கு அந்த அம்மா கூப்பிடுகிறார். “அன்னிக்கு என்ன சாப்பிட்டா கண்ணு? எதுக்குச் சிரிச்சா?” என்று கேட்கிறார். பன்னிரண்டு ஆண்டுகளாக நானும் கதை சொல்லிக்கொண்டிருக்கிறேன். நல்லா இருந்தா அம்மா. நல்லா சாப்பிட்டா. எங்க கூடத்தான் இருந்தா.

முன்வரிசைப் பிள்ளைகளே! புன்னகையை மூட்டை கட்டி எடுத்துப் போகாதீர்கள்! அங்கே நண்பர்கள் கிடைப்பார்களா என்று கேட்காதீர்கள். உங்கள் அறைக்குப் பக்கத்து அறை இருக்கும். அதற்கு ஒரு கதவு இருக்கும். தட்டுங்கள்! பேச ஒன்றும் இல்லையென்றாலும் தட்டுங்கள்! பாஷை தெரியாவிட்டாலும் தட்டுங்கள்! பரீட்சை இருந்தால் பரீட்சை நாசமாய்ப் போகட்டும், தட்டுங்கள்! திறந்து, “என்ன வேணும்?” என்று எரிந்து விழுந்தால் விழட்டுமே! எரிந்து விழுகிறவள் உயிரோடு இருக்கிறாள்! அது போதாதா உங்களுக்கு? பெற்றோர்களே, உங்கள் பிள்ளைக்குப் பின்னால் பத்துப் பேர் நின்று கை ஆட்டினால் மகிழ்ந்துவிடாதீர்கள். “அவங்க பேரென்ன? நேத்து அவங்க என்ன சாப்பிட்டாங்க?” என்று கேளுங்கள்.

வேண்டாம், கை தட்டாதீர்கள். யாரப்பா அது பின்னால்? நிறுத்துங்கள்.

இதைச் சொன்னால் பாரம் இறங்கும் என்று நினைத்தேன். இறங்கவில்லை. இங்கே சொல்லிவிட்டால் அங்கேயும் சொல்லிவிடலாம் என்று எனக்கு நானே வாக்குக் கொடுத்துக்கொண்டு இந்த மேடை ஏறினேன். இன்று ஞாயிற்றுக்கிழமை. இப்போது மணி மூன்றரை. ஆனால் அந்த அம்மாவிடம் மிச்சமிருப்பது அந்த ஒரு புதன்கிழமை மட்டும்தான். அதையும் நான் பிடுங்கிக்கொள்ளவா? பிடுங்காமல் இருப்பது இரக்கமா, என் கோழைத்தனமா? பன்னிரண்டு ஆண்டுகளாக எனக்கு விளங்கவில்லை. நாலு மணிக்கு அழைப்பு வரும். எடுப்பேன். என்ன சொல்வேன் என்று உங்களுக்கே தெரியும்.

பொறுமையோடு செவிமடுத்த பெரியோர்க்கும், கண்ணீரைத் துடைக்கும் தாய்மார்க்கும், கலகலப்பைக் கேட்டுக் கலக்கத்தை வாங்கிக்கொண்ட முதல்வர் அம்மாவுக்கும் என் நன்றி. புகைப்படக்கார அண்ணே, இந்தப் பிள்ளைகளை மறுபடியும் தோளில் கை போடச் சொல்லாதீர்கள். அவர்களாகப் போட்டால் எடுங்கள். எல்லாருக்கும் வணக்கம். நான் கீழே இறங்கி வரும்போது என்னைப் பார்த்து யாரும் ‘நல்லா இருக்கீங்களா’ என்று கேட்டுவிடாதீர்கள். அதற்கு எனக்கு ஒரே ஒரு பதில்தான் தெரியும்.